தூண் ஏதென்ஸ், சுவரெழுத்து எருசலேம்: மேற்குலகம் யாருடைய பிள்ளை?

#1 கரிசல்மண்

மகன் வீட்டுக்கு மேரிலாண்ட் வந்து மூன்று வாரம் ஆகிறது. போன ஞாயிறு வாஷிங்டன் கூட்டிப்போனான். லிங்கன் நினைவு மண்டபத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தேன். அங்கே தோன்றியதை உங்களிடம் கேட்டுத் தெளிய வேண்டும் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் அது கிரேக்கக் கோயில்தான். சுற்றிலும் 36 டோரிக் தூண்கள். கட்டடக் கலைஞர் ஹென்றி பேக்கன் ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலை மனதில் வைத்து வரைந்தார், 1922இல் திறந்தார்கள். உள்ளே போய் வடக்குச் சுவரைப் படித்தால் காற்று மாறிவிடுகிறது. லிங்கன் 1865 மார்ச் 4 அன்று ஆற்றிய இரண்டாவது பதவியேற்பு உரை அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. சாட்டையால் சிந்திய ஒவ்வொரு துளி ரத்தத்துக்கும் வாளால் ஒரு துளி சிந்தித்தான் இந்தப் போர் முடியும் என்பது கடவுளின் சித்தமானால், அப்போதும் அவருடைய நியாயங்கள் உண்மையும் நீதியுமானவை என்றே சொல்லவேண்டும் என்கிறார். அந்தக் கடைசி வரி வேதாகமத்தின் சங்கீதம் 19. தூண் ஏதென்ஸ், சுவரெழுத்து எருசலேம்.

வெளியே வந்தால், 1963 ஆகஸ்ட் 28 அன்று மார்ட்டின் லூதர் கிங் நின்ற படி. அவர் அங்கே நின்று எபிரேயத் தீர்க்கதரிசிகள் ஆமோஸையும் ஏசாயாவையும் சொன்னார். "நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும்" என்று தெக்கோவா ஊர் மேய்ப்பன் ஒருவன் கி.மு. 8ஆம் நூற்றாண்டில் சொன்னது, கிரேக்கத் தூண்களுக்கு முன்னால், அடிமைகளின் கொள்ளுப்பேரன் வாயிலிருந்து வந்தது.

வரலாற்று ஆசிரியராக இருந்த காலம் முழுக்க, "மேற்குலகத்துக்கு அறிவு கிரேக்கம் கொடுத்தது, அறம் எபிரேயம் கொடுத்தது" என்று ஒரே வரியில் சொல்லிக்கொடுத்தேன். அந்த மண்டபத்தில் நின்றபோது அந்த வரி போதாது என்று பட்டது. படித்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தாமிரபரணியான்

ஐயா, நல்ல இழை. ஆனால் உங்கள் வரி தப்பில்லை என்றே நினைக்கிறேன். இரண்டும் இரண்டு விதமான மனம்.

கிரேக்கன் பார்க்கிறவன். பிளேட்டோவின் "இதேயா" என்ற சொல்லே பார்த்தல் என்ற வினையிலிருந்து வந்தது. "தியோரியா" என்றாலும் பார்த்தல்தான். எபிரேயன் கேட்கிறவன். அவனுடைய அன்றாட ஜெபம் "இஸ்ரவேலே, கேள்" என்று தொடங்குகிறது. கிரேக்கனுக்கு மெய் என்றால் திரை விலகித் தெரிவது. எபிரேயனுக்கு "எமெத்", அதாவது சாய்ந்துகொண்டால் சரியாமல் தாங்குவது. நாம் சொல்கிற ஆமென் அந்த வேரில் பிறந்ததுதான்.

கதை சொல்லும் விதத்தையும் பாருங்கள். ஒடிசியஸ் பிச்சைக்காரன் வேடத்தில் வீடு திரும்புகிறான். கிழ வேலைக்காரி யூரிக்ளியா அவன் காலைக் கழுவும்போது தழும்பைத் தடவிக் கண்டுபிடித்துவிடுகிறாள். உடனே ஹோமர் கதையை நிறுத்தி, அந்தத் தழும்பு எந்தக் காட்டில், எந்தப் பன்றி குத்தி வந்தது என்று வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டுத்தான் திரும்புகிறார். ஆதியாகமம் 22இல் ஆபிரகாம் மகனைப் பலியிட மூன்று நாள் நடக்கிறான். அவன் மனதில் என்ன ஓடியது? ஒரு சொல் இல்லை. வானிலை இல்லை, வழியில் மரம் இல்லை. முழுக்க இருட்டு.

இந்த ஒப்பீட்டை எழுதியவர் ஜெர்மன் இலக்கிய அறிஞர் எரிக் ஆவர்பாக். யூதர் என்பதால் 1935இல் மார்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டு, இஸ்தான்புல்லில் அகதியாக இருந்துகொண்டு போர் நடந்த ஆண்டுகளில் எழுதினார். இந்த இரண்டும் சேர்ந்துதான் ஐரோப்பாவின் கதைசொல்லல் பிறந்தது என்பது அவர் வாதம்.

#3 நெய்தல்_மகள்

ஆவர்பாக் பற்றி அண்ணன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அவர் இரண்டு நூல்களின் நடையை ஒப்பிட்டார், அது நியாயமான ஒப்பீடு. ஆனால் ஒரு சொல்லின் வேரைப் பிடித்து ஒரு இனத்தின் மூளைக்குள் போவது வேறு வேலை. அதை நான் ஏற்கமாட்டேன்.

எண்ணெய் என்றால் எள்ளின் நெய். நாம் தேங்காயெண்ணெய் என்கிறோம், மண்ணெண்ணெய் என்கிறோம். சொல்லும்போது யாருக்காவது எள் ஞாபகம் வருகிறதா? "எமெத்" என்று சொன்ன ஒவ்வொரு எபிரேயனும் தாங்கும் தூணை நினைத்தான் என்பதும் அப்படித்தான்.

எபிரேய வினைச்சொல்லில் நம்மைப்போல் முக்காலம் இல்லை, ஆகவே அவர்களுக்குக் காலம் பற்றிய உணர்வே வேறு என்றும் எழுதியிருக்கிறார்கள். தமிழில் ஆங்கிலத்தைப் போல உடைமைக்கென்று தனி வினை கிடையாது. "எனக்கு நிலம் இருக்கிறது" என்றுதான் சொல்வோம். அதை வைத்துத் தமிழனுக்குச் சொத்துணர்வு இல்லை என்று ஒருவன் எழுதினால், வரப்புத் தகராறு வழக்குக் கட்டுகளைக் கொண்டுபோய் அவன் முன் வைக்கலாம். தோர்லீஃப் போமன் என்ற நார்வேக்காரர் 1952இல் எபிரேய, கிரேக்கச் சிந்தனைகளை இப்படி மொழியை வைத்து எதிரெதிராக நிறுத்தினார். 1961இல் வேதாகம அறிஞர் ஜேம்ஸ் பார் அந்த முறையையே அடித்து நொறுக்கினார். அதற்குப் பிறகும் பிரசங்க மேடைகளில் அது உயிரோடு இருப்பது எனக்கு வருத்தம்.

பார்க்கிறவன், கேட்கிறவன் என்பதும் நிற்காது. ஆமோஸ் புத்தகத்தின் முதல் வசனத்தை எபிரேயத்தில் படித்தால், ஆமோஸ் "கண்ட" வார்த்தைகள் என்று இருக்கிறது. சாக்ரடீஸ் தன் வாழ்நாளெல்லாம் ஒரு குரலைக் கேட்டதாக நீதிமன்றத்திலேயே சொன்னார். தப்பு செய்யப் போகும்போது தடுக்கிற குரல். இப்போது யார் பார்க்கிறவன், யார் கேட்கிறவன்?

எபிரேயம், ஹெலனியம் (கிரேக்க மனப்பாங்கு) என்று இரண்டு பெட்டி செய்து ஆங்கில வாசகர்களுக்குப் பழக்கியது ஆங்கில விமர்சகர் மத்தியூ ஆர்னால்ட், 1869இல். தன் காலத்து இங்கிலாந்து பியூரிட்டன் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவின் கெடுபிடியில் இறுகிப்போயிருக்கிறது, கொஞ்சம் கிரேக்க வெளிச்சம் வேண்டும் என்று சொல்ல அவருக்கு அந்தப் பெட்டிகள் தேவைப்பட்டன. தேவை அவருடையது. நாம் ஏன் அதை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டும்?

ஐயா கேட்ட கேள்விக்கு வருகிறேன். எனக்குக் கிடைத்த பதில் ஒரு ஊர்: அலெக்ஸாந்திரியா. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அங்கே குடியிருந்த யூதர்களுக்கு வீட்டு மொழியே கிரேக்கம் ஆகிவிட்டது. அவர்களுக்காக மோசேயின் ஐந்து ஆகமங்கள் கிரேக்கத்துக்குப் போயின. தாலமி மன்னன் அழைத்த 72 மூப்பர்கள் செய்தார்கள் என்று பிற்காலக் கதை. அந்த மேசையில்தான் மேற்குலகம் பிறந்தது என்று நான் நினைக்கிறேன். ஒரு சொல் போதும் காட்ட.

யாத்திராகமம் 3:14. எரியும் முட்செடியின் முன் மோசே நின்று, உம்முடைய பெயர் என்ன என்று கேட்கிறான். பதில்: "எஹ்யே அஷேர் எஹ்யே." நான் எப்படி இருப்பேனோ அப்படி இருப்பேன் என்றும் படிக்கலாம். இரண்டு வசனம் முன்னால் இதே வினை "நான் உன்னோடே இருப்பேன்" என்ற வாக்குறுதியில் வந்திருக்கிறது. ஆக அது கூட வருகிறவரின் பேச்சு, பிடிகொடுக்காத பேச்சும்கூட. அலெக்ஸாந்திரியாவில் அது "எகோ எய்மி ஹோ ஓன்" ஆயிற்று: நானே இருக்கிறவர். பிளேட்டோ படித்த காதுக்கு "இருப்பது" என்றால் மாறாத மெய்ப்பொருள். வாக்குறுதி தத்துவமாகிவிட்டது. பிறகு ஆயிரத்தைந்நூறு ஆண்டு கழித்து இறையியலாளர் தாமஸ் அக்குவினா, கடவுளுக்கு மிகப் பொருத்தமான பெயர் "இருக்கிறவர்" என்று இதே வசனத்தைக் காட்டி வாதிடுகிறார். கிழக்கத்திய சபைகளின் ஓவியங்களில் இயேசுவின் ஒளிவட்டத்துக்குள் மூன்று கிரேக்க எழுத்து இருக்கும். கவனித்துப் பாருங்கள். அது இந்த "ஹோ ஓன்" தான்.

நம் பழைய தமிழ் வேதாகமத்தில் "இருக்கிறவராக இருக்கிறேன்". நாமும் அலெக்ஸாந்திரியா வழியாகத்தான் வந்திருக்கிறோம்.

#4 காயல்காற்று

எல்லாம் சரி. ஆனால் ஏதென்ஸிலிருந்தும் எருசலேமிலிருந்தும் நேராக பாரிஸுக்கு வண்டி விட்டதுபோல் பேசுகிறீர்கள். நடுவில் பக்தாத் இருக்கிறது, ஸ்பெயினின் கோர்தோபா இருக்கிறது, தொலேதோ இருக்கிறது.

லத்தீன் மேற்கு பல நூற்றாண்டுகள் அரிஸ்டாட்டிலின் தர்க்க நூல்கள் சிலவற்றை மட்டும் வைத்திருந்தது. அந்தக் காலத்தில் அப்பாசியர் ஆட்சியில் பக்தாதில் அவர் ஏறக்குறைய முழுதாகப் படிக்கப்பட்டார். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (மறைவு 873) ஒரு கிறிஸ்தவர். பண்டைய கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களைக் கிரேக்கத்திலிருந்து சிரியாக் மொழிக்கும் அரபிக்கும் கொண்டுவந்தார். சிரியாக், அரபி, எபிரேயம் மூன்றும் ஒரே மொழிக்குடும்பம். ஆக ஐரோப்பா கிரேக்கத்தைத் திரும்பப் பெற்றபோது, அதில் பாதி எபிரேயத்தின் சகோதர மொழிகளில் பதம் பார்க்கப்பட்டு வந்தது.

நெய்தல்_மகள் சொன்ன அதே அக்குவினா "ரப்பி மோசே" என்று ஒருவரை மரியாதையோடு எடுத்தாள்கிறார். அவர் யூத அறிஞர் மைமோனிடிஸ். 1138இல் கோர்தோபாவில் பிறந்து 1204இல் எகிப்தில் மறைந்தவர். தோராவையும் (மோசேயின் ஆகமங்கள்) அரிஸ்டாட்டிலையும் படித்துக் குழம்பி நிற்கிற மாணவனுக்காக அவர் எழுதிய வழிகாட்டி நூல் அரபி மொழியில், எபிரேய எழுத்தில் எழுதப்பட்டது. யூதச் சிந்தனை, கிரேக்கத் தர்க்கம், அரபி உரைநடை, கடைசியில் லத்தீன் வாசகன். இதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அரபு எழுத்தில் தமிழ் எழுதினார்கள், அர்வி என்போம். அதனால் இந்த நூல் எனக்கு அந்நியமாகப் படவேயில்லை.

#5 பனையோலை

நான் யாழ்ப்பாணத்திலயிருந்து. தத்துவம் கதைக்கிற அளவுக்கு நான் படிக்கேல்லை. தொழிற்சங்க வேலையில இருந்தவன். ஆனபடியால் எனக்குப் பிடிபடுறது ஒன்றைச் சொல்லுறன்: லீவு.

கிரேக்கருக்கு ஓய்வு பெரிய விசயம். "ஸ்கொலே" என்றால் ஓய்வு, ஸ்கூல் என்ற சொல்லு அதிலிருந்துதான் வந்தது. அரிஸ்டாட்டில் ஓய்வுக்காகத்தான் வேலையே என்கிறார். ஆனால் அது யாருடைய ஓய்வு? சுதந்திரக் குடிமகனுடையது. அடிமையை அவர் உயிருள்ள கருவி என்று எழுதினார். மண்வெட்டிக்கு லீவு குடுக்கிறதோ?

உபாகமம் 5:14ஐ எடுத்துப் பாருங்கோ. ஏழாம் நாள் நீ மட்டுமில்லை, உன்ர வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, உன்ர ஊருக்கு வந்திருக்கிற அந்நியன், எல்லாரும் ஓயவேணும். காரணமும் சொல்லுது: நீ எகிப்தில அடிமையாயிருந்தனி, நினைச்சுக்கொள். உலகத்தில எத்தனை சட்டம் "நீயும் ஒருக்கால் அப்படி இருந்தனி" என்று காரணம் சொல்லும்?

ரோமாபுரியில தத்துவஞானி செனெக்கா இதைக் கண்டு பழிச்சவர். யூதர் வாழ்நாளில ஏழில ஒரு பங்கைச் சோம்பலில தொலைக்கினம் என்று சொன்னதாக அகுஸ்தீன் எழுதிவைச்சிருக்கிறார். அதே ரோமில 321இல பேரரசர் கொன்ஸ்தந்தீன் ஞாயிறு ஓய்வு என்று ஆணை போட்டார். நீதிமன்றம், பட்டறை எல்லாம் மூடு, கமக்காரன் மட்டும் வேலை செய்யலாம் என்று. பிரெஞ்சுப் புரட்சிக்காரர் 1793இல கிழமையை ஒழிச்சு பத்து நாளுக்கு ஒருக்கால் ஓய்வு என்றவை. 1806 தை முதலாம் திகதியோட அந்த நாட்காட்டியே ஒழிஞ்சுது.

எபிரேயரும் அடிமை வைச்சிருந்தவைதான், லேவியராகமம் 25 அதை வெளிப்படையாகவே அனுமதிக்குது. அதை மறைச்சுக் கதைக்கக்கூடாது. ஆனால் அந்த அடிமைக்கும் ஏழில ஒரு நாள் அவன்ர நாள். என்னைப் பொறுத்தமட்டில பார்த்தினானை விட அது பெரிய கட்டடம்.

#6 நெய்தல்_மகள்

பனையோலை அண்ணா, இதை இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை. கிழமை பற்றி இன்னொன்று சேர்க்கிறேன். நம் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்ற கோள் வரிசை கிரேக்கச் சோதிடம் பரவிய உலகத்தின் வரிசை, ஆங்கிலமும் அதே வரிசைதான். எபிரேயர் நாளுக்குப் பெயர் வைக்கவில்லை. முதலாம் நாள், இரண்டாம் நாள் என்று எண்ணிக்கொண்டே போய் ஏழாவதை மட்டும் சபாத் என்றார்கள். இன்று கிரீஸில் போய்க் கேளுங்கள். திங்கள் "தெஃப்தேரா", இரண்டாம் நாள். செவ்வாய் "த்ரீதி", மூன்றாம் நாள். வெள்ளி "பரஸ்கெவி", சபாத்துக்கு ஆயத்தம். சனி "சாவதோ". கிரேக்கன் எபிரேயக் கிழமையில் வாழ்கிறான், நாம் கிரேக்கக் கிழமையில் வாழ்கிறோம்.

#7 கடலோடி

1 இராஜாக்கள் 10:22இல் சாலொமோனின் கப்பலில் வந்த மயில்களுக்கு எபிரேயத்தில் "துக்கியீம்". அது நம் தோகை என்று கால்டுவெல் எழுதியிருக்கிறார். அதையும் பேசலாமே?

#8 கரிசல்மண்

தம்பி, எனக்கும் பிடித்த செய்திதான். ஆனால் அது சரக்கோடு போன சொல். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானே முதல் ஆளாக வருகிறேன்.

#9 தாமிரபரணியான்

நெய்தல்_மகள் சொன்ன எண்ணெய் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. சொல்லின் வேரை வைத்து மனதை அளப்பது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆமோஸ் "கண்ட" வார்த்தைகள் எனக்குத் தெரியாது.

ஆனாலும் ஒரு வேறுபாட்டை விட்டுக்கொடுக்க முடியவில்லை. சாவு. கி.மு. 399இல் சாக்ரடீஸ் நஞ்சுக் கோப்பையை வாங்கி அமைதியாகக் குடிக்கிறார். அழுத நண்பர்களைக் கண்டிக்கிறார். உடல் ஒரு சிறை, ஆன்மா விடுதலையாகிறது என்று பிளேட்டோ அந்தக் காட்சியை எழுதினார். இயேசு கெத்சமனேயில் நடுங்குகிறார், வியாகுலப்படுகிறார், இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்கிறார். அவருக்குச் சாவு விடுதலை இல்லை, பகை. எபிரேயத்தில் "நெஃபெஷ்" என்றால் மூச்சும் தொண்டையும் பசியும் சேர்ந்த ஆள், உடலைக் கழற்றிவிட்டுப் பறக்கிற ஒன்றில்லை. இறையியலாளர் ஆஸ்கர் குல்மன் 1955இல் ஹார்வர்டில் இந்த இரண்டு சாவுகளையும் அருகருகே வைத்துப் பேசினார்: ஆன்மாவின் அழியாமை வேறு, மரித்தோரின் உயிர்த்தெழுதல் வேறு, சபை இரண்டையும் கலந்துவிட்டது என்று. என் தாயாரை அடக்கம் செய்த நாளில் ஒரே ஜெபத்தில் இரண்டையும் கேட்டேன். ஆன்மா இப்போதே இளைப்பாறட்டும், உடல் கடைசி நாளில் எழும்பட்டும். அன்று எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. இரண்டும் ஒன்றல்ல என்று பிறகுதான் உறைத்தது.

#10 நெய்தல்_மகள்

அண்ணா, தாயாரைப் பற்றி எழுதியதற்கு நன்றி. இந்த வேறுபாடு உண்மையானது, மறுக்கமாட்டேன். ஆனால் கலந்தது சபை மட்டுமில்லை, சபைக்கு முன்பே யூதர்களே கலந்துவிட்டார்கள். இரண்டாம் மக்கபே நூலில் ஏழு சகோதரர்கள் கொல்லப்படுகிறார்கள். வெட்டப்பட்ட கையும் நாக்கும் திரும்பக் கிடைக்கும் என்று சொல்லிச் சாகிறார்கள். இதைவிட உடலைப் பிடித்த நம்பிக்கை கிடையாது, ஆனால் நூல் கிரேக்கத்தில் எழுதப்பட்டது. சாலமோனின் ஞானமும் கிரேக்கத்தில் எழுதிய யூத நூல்தான். அதில் நீதிமான்களின் ஆன்மா கடவுளின் கையில் இருக்கிறது, அழியாமை இருக்கிறது. ஒரே சமூகம், ஒரே மொழி, இரண்டு பதில்.

அப்போஸ்தலர் 17ஐ இந்தக் கண்ணோடு படியுங்கள். பவுல் ஏதென்ஸில் மார்ஸ் மேடையில் நிற்கிறார். "நாம் அவருடைய சந்ததியார்" என்று உங்கள் புலவரே சொல்லியிருக்கிறார் என்கிறார். அந்த வரி அராட்டஸ் ஸீயஸைப் பாடியது. அராட்டஸ் சிலிசியா நாட்டுக்காரர், பவுலும் அதே சிலிசியா. ஊர்க்காரப் புலவரின் பாட்டு ஞாபகம் வந்திருக்கிறது. அதுவரை கேட்டார்கள். மரித்தோர் எழுவார்கள் என்றதும் சிலர் இகழ்ந்தார்கள், சிலர் இதைப்பற்றி இன்னொருவேளை கேட்போம் என்றார்கள். எங்கே ஒட்டியது, எங்கே ஒட்டவில்லை என்பது அந்தப் பத்துப் பன்னிரண்டு வசனத்துக்குள்ளேயே இருக்கிறது.

#11 காயல்காற்று

இன்னொருவேளை கேட்போம் என்றவர்கள் கேட்கத்தான் செய்தார்கள். அக்குவினா வரும்வரை 1200 ஆண்டு ஆனது.

#12 கரிசல்மண்

எல்லோருக்கும் நன்றி. நேற்று மகனை நச்சரித்துத் திரும்பவும் போய்வந்தேன். இந்த முறை தெற்குச் சுவர், கெட்டிஸ்பர்க் உரை. அன்று லிங்கனுக்கு முன்பு இரண்டு மணி நேரம் பேசிய எட்வர்ட் எவரெட் ஹார்வர்டில் கிரேக்கப் பேராசிரியராக இருந்தவர். போரில் மாண்டவர்களை ஏதென்ஸ் எப்படி அடக்கம் செய்தது என்று சொல்லித்தான் தொடங்கினார். லிங்கனின் சிறிய உரையும் மாண்டவரைப் புகழ்ந்து இருப்பவருக்குப் பணி சொல்கிற அதே கிரேக்க அமைப்பு. ஆனால் முதல் சொற்கள், எண்பத்தேழு ஆண்டு என்பதை "நாலு இருபதும் ஏழும்" என்று எண்ணுகிற ஆங்கிலம், சங்கீதம் 90இல் மனித ஆயுளை எண்ணுகிற ஆங்கிலம். வாசலில் பிரித்துவைத்தேன், உள்ளே பிரிக்க முடியவில்லை.

கிங் 1963 ஏப்ரலில் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தையும் படித்தேன். தன்னைத் தீவிரவாதி என்றவர்களுக்கு, ஆமோஸ் தீவிரவாதி இல்லையா என்று கேட்கிறார். அதே கடிதத்தில் மனதை உறுத்தி எழுப்பிய சாக்ரடீஸ் வருகிறார், நேபுகாத்நேச்சாருக்குப் பணியாத மூன்று வாலிபர்கள் வருகிறார்கள், அக்குவினாவும் வருகிறார். சிறைக்குள் இருக்கிற மனிதன் யார் எந்த ஊர் என்று பார்க்கவில்லை. கைக்கு எட்டியவர்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டான்.

ஒரு செய்தி சொல்ல வேண்டும், நெய்தல்_மகள் திருத்தவும். "தோரா" என்றால் போதனை, வழிகாட்டல். அலெக்ஸாந்திரியாவில் அது "நோமோஸ்" ஆயிற்று, சட்டம். அதனால் ஆங்கிலத்தில் சங்கீதத்திலும் சட்டம்தான், பவுலின் நிருபங்களிலும் சட்டம்தான். கையிலிருக்கும் பழைய தமிழ் வேதாகமத்தைப் புரட்டினேன். பவுலிடத்தில் "நியாயப்பிரமாணம்" என்று நீதிமன்ற வாசனையோடு இருக்கிறது. சங்கீதம் 119இல்? "உமது வேதத்தில் நான் எவ்வளவு பிரியமாயிருக்கிறேன்! நாள்முழுதும் அது என் தியானம்." சட்டத்தின் மேல் ஒருவன் எப்படிப் பிரியமாயிருப்பான் என்ற கேள்வியே தமிழ் வாசகனுக்கு எழாது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த இடத்தில் அலெக்ஸாந்திரியாவைக் கேட்கவில்லை. ஓதி, மனனம் செய்து, நேசிக்கிற ஒன்றுக்கு இந்த மண்ணில் என்ன பெயர் என்று பார்த்து வைத்துவிட்டார்கள்.

#13 நெய்தல்_மகள்

திருத்த ஒன்றுமில்லை ஐயா. சங்கீதம் 1:2இலும் "வேதம்" தான், இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். இத்தனை வருடம் மனப்பாடமாகச் சொல்லியும் எனக்கு இது கண்ணில் படவேயில்லை.